சிவப்பியின் கயிறு

அவிழ்த்தேன். அவிழ்த்துத்தான் இருப்பேன். சினைமாட்டைக் கட்டியபடி நிற்க விட்டுவிட்டு வருகிற அளவுக்கு நான் என்ன புத்தி கெட்டவளா? மழையில் ஊறி இறுகிய கயிறு, நகத்தை உள்ளே விட்டு நெம்பினால்தான் அசையும், இவர் போடுகிற முடிச்சு எப்போதும் அப்படித்தான், ஆனை வந்து இழுத்தாலும் கழலாது என்று பெருமை வேறு. நெம்பினேன். பெருவிரல் நகம் பிய்ந்தது. பிய்ந்த நகம் இதோ இருக்கிறது. ஆனால் அதற்கு முதல் வாரம் குண்டுக்குப் பதுங்கப் பங்கர் வெட்டியபோதும் ஒரு நகம் பிய்ந்ததே, அது இந்த விரலா அடுத்த விரலா? விறகு ஈரம். ஊதினால் புகைகிறது, ஊதாவிட்டால் அணைகிறது. நாங்கள் வந்து ஒதுங்கிய இந்தப் பள்ளிக்கூட மதிலில் இடிந்து விழுந்த கல் மூன்றை வைத்து அடுப்பு மூட்டியிருக்கிறேன். மற்றவர்கள் பிள்ளைகள் இருந்து படித்த வாங்குகளை உடைத்து எரிக்கிறார்கள், அவர்களுடைய அடுப்புகள் எல்லாம் ஜோராக எரிகின்றன. எனக்கு மனம் வராமல் பாலைக் கொப்பு பொறுக்கி வந்தேன். மானம் பார்த்தவளுக்குப் புகைதான் மிச்சம். கண் எரிகிறது, மூக்கு வடிகிறது, நிரோசா என் முகத்தை வந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறாள், அம்மா அழுகிறாளா புகையா என்று. புகைதான் பிள்ளை. போய்த் தாத்தாவுக்குப் பக்கத்தில் இரு. விடிய வெளிக்கிட்டுப் போன மனுசன் இன்னும் வரவில்லை, எங்கள் ஊர் நொச்சிமடு இங்கிருந்து சைக்கிளில் எவ்வளவு தூரம், காட்டுப்பாதையால் விட்டால் போய் மாட்டை அவிழ்த்துவிட்டு இவ்வளவுக்கு வந்திருக்கலாம். அந்தப் பக்கம்தான் முழங்குகிறது. இடி மாதிரி இல்லை, இடிக்கு ஒரு முடிவு இருக்கும்.

"மாட்டை அவிட்டனியோ?" என்று அவர் என்னைக் கேட்டது நேற்றுப் பின்னேரம். தங்கக் கூடாரமாகத் தறப்பாளை மரத்தில் கட்டிக்கொண்டு, வாயில் கயிற்று நுனியைக் கடித்தபடி கேட்டார், உப்புப் போட்டனியோ என்று கேட்பது போல. நான் ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். எத்தனை பொய் சொல்லியிருக்கிறேன் இந்த மனுசனுக்கு, சீனி முடியவில்லை என்று, தலையிடி என்று, சின்னக்கா வீட்டுக்குப் போகவில்லை என்று. அப்போதெல்லாம் வாயில் தேன் மாதிரி வந்த பொய் நேற்று எங்கே போய்த் தொலைந்தது? "தெரியேல்லையப்பா. அவிட்ட மாதிரியும் கிடக்கு, அவிடாத மாதிரியும் கிடக்கு" என்றேன். அரிச்சந்திரன் வீட்டுக்கு மருமகளாக வந்தவள் போல. அவர் வாயிலிருந்த கயிற்றை எடுத்து முடிச்சைப் போட்டு இறுக்கினார். ஏசியிருந்தால் நான் திருப்பி ஏசியிருப்பேன், சண்டை பிடித்திருப்போம், சண்டையில் மாடு மறந்துபோயிருக்கும். பேசாத மனுசனோடு என்ன செய்வது? தறப்பாளுக்குள் படுத்திருந்த மாமாதான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மகனுக்குக் கேட்காதது கூட அவருக்குக் கேட்கும், கால்தான் இழுத்துக்கொண்டது, காது இன்னும் மணியாக இருக்கிறது. "சினைமாடு கட்டில செத்தால் அந்தக் குடி விளங்காது. எங்கட பரம்பரையிலேயே இப்பிடி ஒண்டு நடக்கேல்லை. பெரியய்யா காலத்தில கொள்ளை நோய் வந்து ஊரை விட்டு எழும்பினபோதும் மாட்டை அவிட்டுப்போட்டுத்தான் ஆக்கள் எழும்பினது." சொல்லிக்கொண்டே இருந்தார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். இவர் பொத்தவில்லை.

ஊரை விட்டு வந்த முந்தாநாள் பின்னேரம் என்ன நடந்தது என்று ஒழுங்காக நினைத்துப் பார்க்கிறேன், ஒவ்வொன்றாக, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி. முதல் செல் குண்டு விதானையார் வளவுக்குள் விழுந்தது. அது சரி. இரண்டாவது எங்கே விழுந்ததோ தெரியாது, பங்கருக்குள் இருந்தோம். பிறகு எங்கள் ஊர்ப் பொன்மணியக்காவின் தம்பி ட்ராக்டரைக் கொண்டுவந்து படலையில் நிறுத்திவிட்டு ஏறுங்கோ ஏறுங்கோ என்று கத்தினான். இவர் மாமாவைத் தூக்கிக்கொண்டு போனார். நான் பானை, அரிசி, தறப்பாள், நிரோசாவின் சட்டைகள். பிறகு கொட்டிலுக்குப் போனேன். போனேன், அது நிச்சயம், சாணி மிதித்தேன், செருப்பு அங்கேயே புதைந்துவிட்டது, அதனால்தான் இப்போது வெறுங்காலோடு நிற்கிறேன். சிவப்பி திரும்பிப் பார்த்தாள். வயிறு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டு நின்றாள், இன்றோ நாளையோ என்று. கயிற்றில் கை வைத்தேன். கை வைத்தேனா? அப்போதுதான் மூன்றாவது விழுந்தது, நிரோசா அம்மா என்று கத்தினாள், அந்தக் கத்தல் முதுகில் வந்து அடித்தது. அதற்குப் பிறகு நான் ட்ராக்டர் பெட்டியில் இருக்கிறேன். நடுவில் ஒன்றும் இல்லை, எவ்வளவு துழாவினாலும் இல்லை. முடிச்சு கழன்று கயிறு தளர்ந்து மாட்டின் கழுத்தால் வழுகி விழுகிறதே, அது மட்டும் நன்றாகத் தெரிகிறது, கண்ணை மூடினால் தெரிகிறது, ஆனால் அதில் வெயில் அடிக்கிறது. முந்தாநாள் வெயில் இல்லை. முந்தாநாள் மழை.

வெயில் அடித்தது போன முறை எழும்பியபோது. ஆமிக் காம்பை இயக்கப் பெடியள் வளைத்து வைத்திருந்த காலம், காம்புக்குள் இருந்தவர்களுக்கு முற்றுகை, அவர்களுக்கு வெளியே இருந்த எங்களுக்கும் முற்றுகை, எங்களைச் சுற்றிப் பாதையெல்லாம் பூட்டு. ஒரு முற்றுகைக்குள் இன்னொரு முற்றுகை, நடுவில் நாங்கள் கத்தரி நட்டுக்கொண்டிருந்தோம். மண்ணெண்ணெய் இல்லை, ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து ஒரு சொட்டு எண்ணெயில் விளக்கு. சவர்க்காரம் இல்லை. பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில்தான் உடுப்புத் தோய்த்தோம், உடுப்பெல்லாம் ஒரு இனிப்பு மணம். கலியாணத்துக்கு இவர் எடுத்துத் தந்த நீலச் சேலையைத் தோய்த்துக் கொடியில் போட்டேன், திரும்பி வந்து பார்த்தால் பாதிச் சேலை சிவப்பியின் வாயில். அப்போது அது நாம்பன் காளைக்கும் விடாத இளம் பசு. நான் அகப்பைக் காம்போடு துரத்தினேன், அது வளவைச் சுற்றிச் சேலையோடு ஓடியது, இவர் வரம்பில் குந்தியிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "விடு மலர், அதுவும் கட்டிப்பாக்கட்டும்" என்றார். எனக்கு அழுகையாக வந்தது, பிறகு எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த கிழமை ஆமிக் காம்பு பெடியளிடம் விழுந்தது, அடிக்கு அடி என்று ஆமிக்காரர் வானத்தால் வந்து குண்டு கொட்டினார்கள், எழும்பினோம். அன்றைக்குத்தான் வெயில். அன்றைக்குத்தான் சிவப்பியை அவிழ்த்தேன். திரும்பி வந்தபோது வீட்டுக் கூரை இல்லை, சிவப்பி மட்டும் கிணற்றடியில் நின்றது. ஆக என் கையில் இருக்கிற கயிறு அந்தக் கயிறுதான். இந்தக் கயிறு இல்லை. ஐயோ, இந்தக் கயிறு இல்லை.

இல்லை, இருக்கலாம். அவசரத்தில் செய்கிற காரியம் மனதில் நிற்காது, படலையைச் சாத்தினோமா, அடுப்பை அணைத்தோமா, இதெல்லாம் ஆருக்கு ஞாபகம் இருக்கும்? கைக்குத் தெரியும், தலைக்குத் தெரியாது. உலை சூடேறுகிறது, மூடி மெல்ல ஆடுகிறது. பொன்மணியக்கா தன்னுடைய அடுப்பிலிருந்து இரண்டு வாங்குக் கட்டை கொண்டுவந்து ஒன்றும் கேட்காமல் என் அடுப்புக்குள் செருகினாள். தீ பற்றிக்கொண்டது. வாங்கில் எவனோ காம்பஸால் தன் பேரைக் கீறி வைத்திருக்கிறான், பேர் எரிகிறது. "இன்னும் வரேல்லையோடி?" என்றாள். "வருவார்" என்றேன். "என்ர தம்பி சொல்லுறான், குளக்கட்டுப் பாதை மட்டும்தான் இப்ப மிச்சமாம். அதையும் பூட்டினா அங்கால நிண்டவை அங்காலதான்." எனக்கு அவளுடைய வாயில் கொள்ளிக்கட்டையை வைக்கவேண்டும் போல இருந்தது. நல்லவள்தான். தாலி இழந்தவள், போன முற்றுகையில் புருசனை வயலுக்குள்ளேயே மிதிவெடிக்குக் கொடுத்தவள், பயந்த முகத்தைக் கண்டால் ஆறுதல் சொல்லவேண்டும் என்று வருவாள், வாயைத் திறந்தால் இதுதான் வரும். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயம். அவள் இருக்கிற இடத்தில் ஒரு வெற்றிடம் இருக்கிறது, பக்கத்தில் இன்னொருத்திக்கும் இடம் இருக்கிறது என்று சொல்லாமல் சொல்கிற மாதிரி. நான் வரமாட்டேன் அக்கா. என்னை அந்தப் பக்கம் பார்க்காதே. என் மனுசன் மாடு அவிழ்க்கப் போனவர், சண்டைக்குப் போனவர் இல்லை.

மாடு அவிழ்க்க. சொன்னால் ஆர் நம்புவார்கள்? பட்டணத்தில் இருக்கிற என் தங்கச்சி கேட்டால் சிரிப்பாள், ஒரு மாட்டுக்காகவா அத்தான் செல்லுக்குள் போனார் என்று. அவளுக்குத் தெரியாது. கட்டிப்போட்ட மாடு செல் வந்தால் ஓடமுடியாது, கயிறு விட்ட தூரத்துக்குச் சுற்றிச் சுற்றி ஓடும், கயிறு குறைந்து குறைந்து கடைசியில் கழுத்து கட்டையோடு ஒட்டிப்போய் நிற்கும். போன முறை திரும்பி வந்தபோது பக்கத்து வளவில் அப்படி ஒன்றைப் பார்த்தோம். இவர்தான் குழி வெட்டித் தாட்டார், மூன்று நாள் சோறு இறங்கவில்லை அவருக்கு. அதை நினைத்துத்தான் போயிருப்பார், மாமாவின் பாவ புண்ணியக் கதைக்காக இல்லை. இன்றைக்கு விடியுமுன்னே சைக்கிளை உருட்டிக்கொண்டு நின்றார். "போகாதையுங்கோ" என்றேன். "கெதியா வந்திடுவன்" என்றார். நிரோசா நித்திரை, குனிந்து அவள் தலையைத் தொட்டார். நான் எழும்பிப்போய்ச் சைக்கிள் கரியரைப் பிடித்திருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். மானம் பார்த்தேன், அங்கேயும் மானம், சுற்றிவரச் சனம் படுத்திருக்கிறதே, மனுசன் காலில் விழுகிறாள் என்பார்களே என்று. எனக்குக் கோபமும்தான். நான் தெரியாது என்று சொன்னதற்காகவே போகிறார், என்னைக் குற்றம் சாட்டத்தான் போகிறார் என்று கோபம். போ, போய்ப் பார், அவிழ்ந்து நிற்கும், வந்து என்னிடம் மன்னிப்புக் கேள் என்று படுத்துக்கொண்டேன். மனதில் நினைத்த கடைசிச் சொல் அது. அது நல்ல சொல் இல்லை.

உலை கொதித்தது. அரிசியைக் கழுவிப் போட்டேன். மாமா முனகுகிறார், தண்ணீர் கேட்கிறாராக இருக்கும். எழும்பியபோதுதான் கேற்றடியில் அந்தச் சைக்கிளைக் கண்டேன். சைக்கிள் நிறையச் சாமான், தையல் மெசினின் தலை, கோழி, பாய், அதற்குப் பின்னால் ஒரு மனுசன் தள்ளிக்கொண்டு வருகிறான். அவர் இல்லை. மில்லுக்காரத் துரைசிங்கம் அண்ணை, எங்கள் ஒழுங்கையில் கடைசி வீடு, கடைசியாய் எழும்புகிற ஆள். ஓடவேண்டும் போல இருந்தது, கால் ஓடவில்லை. கேட்காமல் இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம், சோறு அவியும் வரைக்குமாவது. ஆனால் அவரே என்னைக் கண்டுவிட்டார், சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு வந்தார், முகமெல்லாம் சேறு. நான் அவரைப் பார்த்து என்ன கேட்டேன் தெரியுமா? மனுசனைக் கேட்கவில்லை. "அண்ணை, எங்கட மாடு..." என்றேன்.

"மாடோ? அது வெளியில நிக்குது பிள்ளை. குளக்கட்டுக்குக் கீழ, எங்கட ரெண்டோட சேந்து நிண்டு மேயுது. கழுத்தில கயிறும் இல்லை. ஆர் அவிட்டது, நீயோ? நல்ல வேலை செய்தாய்." நான் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இவரைக் கண்டனீங்களோ?" "கண்டனான். விடிஞ்ச கையோட, சந்தியடியில. மாடு அவிழ்க்கப் போறன் எண்டான். மாடு வெளியிலதானடா நிக்குது, திரும்பு எண்டு சொன்னனான். சிரிச்சான். 'அப்ப அவள் அவிட்டுத்தான் வந்திருக்கிறாள், பாவம்' எண்டான்." அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார், துடைக்கத் துடைக்கச் சேறு பரவியது. "பேந்து?" என்றேன். "பேந்து என்ன, 'இவ்வளவு தூரம் வந்திட்டன் அண்ணை, விதைநெல்லு பரணில கிடக்கு, அதையும் எடுத்துக்கொண்டு வாறன், சிறுபோகத்துக்கு வேணுமல்லோ' எண்டான். நான் மறிச்சனான் பிள்ளை, சைக்கிளைப் பிடிச்சு மறிச்சனான். நான் குளக்கட்டால ஏற எனக்குப் பின்னால விழத் தொடங்கிச்சுது. எங்கட ஒழுங்கை முழுக்க. பாதையையும் பூட்டிப்போட்டாங்கள். எனக்குப் பிறகு ஒருத்தரும் வரேல்லை." அவர் அழவில்லை, அவருடைய வாய் மட்டும் ஒரு பக்கமாய் இழுபட்டது.

விதைநெல். சிறுபோகம். எந்தச் சிறுபோகம் மனுசா, எந்த வயல்? வயலுக்குள் இரண்டு பக்கத்தாரும் எதை விதைத்து வைத்திருக்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும், பொன்மணியக்காவைக் கேட்டால் சொல்லுவாள். நாளைக்கு எங்கே படுப்போம் என்று தெரியாத ஆளுக்குச் சித்திரையில் விதைக்க நெல் வேண்டும். இதை நான் எப்படி யோசிக்காமல் விட்டேன்? இருந்திருந்து இந்த மனுசன் ஒரு மாட்டுக்காகப் போவார் என்று யோசித்தவளுக்கு, நெல்லை விட்டு வரமாட்டார் என்று தெரிந்திருக்கவேண்டும். எந்த முறை எழும்பினாலும் விதைநெல்லை முதலில் ஏற்றுகிறவர், இந்த முறை மாமாவைத் தூக்கியதில் விட்டுவிட்டார், அது அவருடைய தொண்டைக்குள் நின்றிருக்கிறது, எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் நான் ஏசுவேன் என்று தெரியும். மாடு என்று சொன்னால் ஏசமாட்டேன். காலையிலிருந்து அந்த முடிச்சை வைத்து என்னை நானே தின்றுகொண்டிருக்கிறேன், அவிழ்த்தேனா அவிழ்த்தேனா என்று. அவிழ்த்திருக்கிறேன். என்னில் பிழை இல்லை. துரைசிங்கம் அண்ணை சாட்சி. இனி நிம்மதியாக இருக்கலாம். எங்கே அந்த நிம்மதி? பிழை என்னுடையதாக இருந்தபோது நான் அழுது, விரதம் பிடித்து, நேர்த்தி வைத்து, எப்படியாவது ஈடு கட்டி அவரைத் திருப்பி வாங்கலாம் போல இருந்தது. இப்போது என் கையில் கொடுக்க ஒன்றும் இல்லை. அவள் அவிட்டுத்தான் வந்திருக்கிறாள், பாவம் என்றாராம். பாவம் என்று ஏன் சொன்னார்? என்னை நினைத்து இரங்குகிற நேரமா அது, திரும்பி வருகிற நேரமல்லவா?

"மாடு வெளியில நிக்குதாம் மாமா" என்று தறப்பாளுக்குள் போய்ச் சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார், கண்ணால் தண்ணீர் ஓடியது. "சிவ சிவா. பாவம் கழிஞ்சுது. இனி எங்கட வீட்டுக்கு ஒண்டும் வராது பிள்ளை, நீ பயப்பிடாதை. அவன் வந்திடுவான்." அவருடைய தலையணையைச் சரிசெய்தேன். வெளியே சத்தம் மாறிவிட்டது, கிட்டே வந்துவிட்டது, முழக்கம் இல்லை இப்போது, கிழிகிற சத்தம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் காட்டுக்குள் ஒன்று விழுந்து மண் எழும்பியது. சனம் தறப்பாள்களைச் சுருட்டுகிறது. ஒருவரும் ஒருவருக்கும் எழும்பு என்று சொல்லவில்லை, சொல்லத் தேவையில்லை, இந்த மாவட்டத்தில் பிறந்த நாய்க்குக்கூட இந்தச் சத்தத்துக்கு எழும்பத் தெரியும். பொன்மணியக்காவின் தம்பி ட்ராக்டரை மாமாவுக்குக் கிட்டே கொண்டுவந்து நிறுத்தி, துரைசிங்கம் அண்ணையோடு சேர்ந்து அவரைத் தூக்கிப் பெட்டியில் வைத்தான். "இவர் வருவார், நாங்கள் இல்லாட்டித் தேடுவார்" என்று நான் சொன்னேன். எல்லாரும் கேட்டார்கள், கேட்டபடியே சாமான் ஏற்றினார்கள். பொன்மணியக்கா என் தோளில் கை வைத்தாள். அந்தக் கையை நான் தட்டிவிடவில்லை.

சோறு வெந்திருந்தது. கஞ்சி வடிக்க நேரமில்லை. மாமாவுக்கு மூடியில் போட்டுக் கொடுத்தேன், நிரோசாவுக்குத் தட்டில், உப்பும் பச்சைமிளகாயும். "பானை சுடுகுது, பெட்டிக்குள்ள பிள்ளைகள் கிடக்குதுகள், கொட்டிப்போட்டு ஏறு, இல்லாட்டிச் சாப்பிட்டிட்டுக் கெதியா ஏறு" என்று தம்பிக்காரன் எஞ்சினை நிறுத்தாமல் கத்தினான். பானைக்குள் பார்த்தேன். பாதிக்கு மேல் கிடந்தது. கை தன் பாட்டில் நாலு பேருக்குப் போட்டிருக்கிறது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து இவர் சாப்பிடாமல் நான் சாப்பிட்டதில்லை, எந்தப் பங்கருக்குள்ளும், எந்த மரத்தடியிலும். நேற்றுக் காலைக்குப் பிறகு ஒன்றும் தின்னவில்லை என்பது அப்போதுதான் உடம்புக்குத் தெரிந்தது, வாய் ஊறியது. குந்தியிருந்து ஒரு பிடி அள்ளி வைத்தேன். சுட்டது. ஊதவில்லை. என் பங்கைச் சாப்பிட்டுவிட்டு நிறுத்துவேன், மிச்சத்தைத் துணியில் கட்டலாம், எங்காவது கட்டி வைத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன். நிறுத்த முடியவில்லை. உப்பு அளவாக இருந்தது, கஞ்சித்தண்ணி வழுவழுவென்று தொண்டைக்குள் இறங்கியது, கடவுளே, அவ்வளவு ருசியாக இருந்தது. பானையைச் சரித்து அடியை வழித்தேன். பெட்டிக்குள்ளிருந்து நிரோசா எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு இருக்கோ?"

வாய் நிறையச் சோறு இருந்தது. விழுங்கினேன்.

"இல்லைப் பிள்ளை" என்றேன்.